பார்த்த இடத்தில் இல்லை

“வடை எப்பிடி அக்கா?” என்று கேட்டால், “நான் கடிச்ச பக்கம் நல்லம்” என்பார்.

ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா அது. கேட்ட பெண் சிரித்துக்கொண்டே தட்டை அடுத்த மேசைக்குக் கொண்டுபோனாள். அக்கா சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை. கடிக்காத பக்கத்தைப் பற்றி அவரிடம் தகவல் இல்லை, அதைத்தான் சொன்னார். அதே மேசையில் ஒரு தாய், தன் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை அக்காவோடு வேலை செய்தவன் என்று அறிந்து, கதிரையை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பெடியன் நல்ல பெடியனோ?”

அக்கா நெடுநேரம் யோசித்தார். “என்னோட ரெண்டு வரியம் வேலை செய்தவன். எடுத்த சாமானை எடுத்த இடத்தில வைப்பான். மிச்சம் நான் பாக்கேல்லை.”

அந்தத் தாயின் முகம் சுருங்கியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு ‘ஓம், நல்ல பெடியன்’ சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? எல்லோரும் சொல்கிறோம். நாள் முழுக்கச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லை அக்காவின் வாயிலிருந்து எடுக்க இந்த நகரத்தில் யாராலும் முடியவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஐம்பதைத் தாண்டிய, நெடிய, ஒரு காது மந்தமான பெண். அகதியாக வந்த புதிதில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் ஆணி அடிக்கச் சேர்ந்து, அந்த ஆணிச் சத்தத்துக்கு இடது காதைக் கொடுத்துவிட்டு, பிறகு படித்துச் சோதனை எழுதி விமானப் பராமரிப்பு உரிமம் எடுத்தவர். பெரிய விமானங்களை அவர் தொடுவதில்லை. ஏதோ ஒரு நாட்டின் வான்படை தன் இளம் விமானிகளைப் பழக்கி முடித்து ஏலத்தில் தள்ளிவிட்ட கிழட்டுப் பயிற்சி விமானங்கள்தான் அவருடைய நோயாளிகள். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மூக்கில் ஒற்றைக் காற்றாடி. அவற்றை வாங்கி வைத்திருக்கும் மனிதர்கள் ஒன்ராறியோவில் இருக்கிறார்கள். கிழமை நாட்களில் பல் பிடுங்குவார்கள், வீடு விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வானத்தில் ஒருவரையொருவர் துரத்தி வாயால் சுட்டு விளையாடுவார்கள்.

என் மனைவியின் தமையனும் அப்படி ஒன்றை வாங்கினார். மார்க்கம் நகரில் கூரை வேலை எடுத்துச் செய்கிறவர். நாற்பது அடி உயரத்தில் சாய்ந்த கூரையில் செருப்போடு நடப்பார். பயம் என்பது மற்றவர்களுக்கு வரும் ஒரு வியாதி என்பது அவர் எண்ணம். விமானத்துக்கு அவர் சொல்லும் நற்சாட்சிப் பத்திரம் எப்போதும் ஒன்றுதான்:

“ட்ரெய்னரப்பா இது! ஒண்டும் தெரியாத பெடியள் போட்டு அடிக்கிறதுக்கெண்டே கட்டினது. என்னையும் தாங்கும், என்ர அப்பரையும் தாங்கும்.”

இதை அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைப்பார். மறுத்துப் பேசமாட்டார். சும்மா கீழே வைப்பார், பிறகு எடுப்பார்.

பிக்கரிங்குக்கு வடக்கே, சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு குறுகிய ஓடுபாதை. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. நான் அங்கே போனது விமானத்துக்காக அல்ல. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத உடம்பு எனக்கு. காற்று எங்கே வீசுகிறதோ அங்கே போய் நிற்கவேண்டும். மச்சானுக்குப் பின் இருக்கையில் ஒரு ஆள் தேவைப்பட்டது, நான் ஆனேன். அக்காவுக்கு விளக்குப் பிடிக்க ஒரு கை தேவைப்பட்டது; அதுவும் ஆனேன்.

எஞ்சின் பார்க்க வேறு ஆள் வருவான். அக்கா பார்ப்பது எலும்பை. ஒவ்வொரு இறக்கைக்குள்ளும் நீளவாட்டில் ஓர் உத்தரம் ஓடுகிறது. விமானம் செங்குத்தாக நிமிர்ந்து திரும்பும்போதெல்லாம் எல்லாப் பாரமும் அந்த உத்தரத்தில்தான் விழும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற மாதிரி, ஆயிரம் திருப்பங்களில் அது களைக்கும். களைத்தது வெளியே தெரியாது. மேலே வண்ணம் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும். உள்ளே, ஒரு போல்ட் துவாரத்தின் விளிம்பில், மயிர் அளவில் ஒரு கீறல் வெளிச்சமே படாமல் வளரும்.

அக்கா போல்ட்டுகளைக் கழற்றி முட்டைப் பெட்டிகளில் வைப்பார். பன்னிரண்டு குழி, பன்னிரண்டு எண். எந்தத் துவாரத்தில் இருந்து வந்ததோ அந்தத் துவாரத்துக்கே அது திரும்பிப் போகவேண்டும்.

“அக்கா கோழிப்பண்ணை வைச்சிருக்கிறா. எப்ப குஞ்சு பொரிக்குமெண்டு கேள் மச்சான்” என்பார் மச்சான்.

“பொரிச்சா உன்ர தலையிலதான் ஏறி நிக்கும்” என்பார் அக்கா, திரும்பாமலே.

துவாரத்தைத் துடைத்து, சிவப்புச் சாயம் ஒன்றைத் தூரிகையால் தடவுவார். கீறல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். இறங்க இருபது நிமிடம் வேண்டும். சமையலறை மணிக்கூடு ஒன்றைத் திருகி வைப்பார். ஆரஞ்சு வடிவத்தில் இருக்கும், மகள் சிறுமியாக இருந்தபோது வாங்கியது. மணி அடித்ததும் சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சை மெல்லியதாக விசிறுவார். கீறல் இருந்தால், உள்ளே ஒளிந்த சிவப்பு அந்த வெள்ளையில் ஊறி நூலாக வெளியே வரும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

அந்த இருபது நிமிடம்தான் எனக்கு ஆகாது. நான் நடப்பேன், கதவைத் திறப்பேன், மூடுவேன். அக்கா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பார். வெள்ளை வெள்ளையாகவே நின்றால், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இருந்து எடுத்துவிட்டு, எப்போதும் அதே வசனம்:

“நான் பாத்த இடத்தில இல்லை.”

‘கீறல் இல்லை’ என்று சொன்னதே இல்லை. மச்சான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுறதுதானே அக்கா? வாய் என்ன தேஞ்சா போகும்?”

“இல்லையெண்டு சொல்ல நான் முழுக்கப் பிரிச்சுப் பாக்கவேணும். முழுக்கப் பிரிச்சா பிளேன் இராது.”

ஒருமுறை இறக்கையின் அடிப்பக்கம் மல்லாந்து கிடந்தபடி, சின்னக் கண்ணாடியைச் செருகி, உள்ளே தட்டப்பட்டிருந்த ஒரு எண்ணை அவர் வாசித்தார். உடலில் இருந்த எண் அதுவல்ல. வான்படைப் பட்டறையில் எப்போதோ இறக்கைகளை மாற்றியிருக்கிறார்கள்.

“உடம்புக்கு ஒரு வயசு, செட்டைக்கு வேறை வயசு” என்றார் கீழே கிடந்தபடியே. “புத்தகத்தில கிடக்கிற மணித்தியாலம் உடம்பின்ர. செட்டை எத்தினை ஆயிரம் பறந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

அன்றுதான் அவர் தன் கைப்பையில் இருந்து சிவப்பு நகச்சாயத்தை எடுத்தார். விமானத்தில் மணிக்கூட்டு முகம்போல வட்டமான ஒரு முகப்பு உண்டு. திருப்பத்தில் உடம்பும் இயந்திரமும் எத்தனை மடங்கு பாரமாகின்றன என்று அதன் ஊசி காட்டும். இன்னொரு ஊசி, ஏறிய உச்சத்தில் அப்படியே நின்றுவிடும். ஓரத்தில் உள்ள குமிழை அமத்தினால்தான் இறங்கும். ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் அந்த நின்ற ஊசியைப் பார்த்து, கயிற்றில் தொங்கும் கொப்பியில் எழுதவேண்டும். எழுதிய பிறகுதான் குமிழ். முன் இருக்கை முகப்பு பழுது. பின் இருக்கை முகப்புத்தான் வேலை செய்தது. அக்கா அதன் கண்ணாடியில், நாலு என்ற இலக்கத்துக்கு நேரே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

“இதுக்கு அங்கால போனா எனக்குச் சொல்லவேணும். ஏசமாட்டன். ஆனா சொல்லவேணும். அப்ப நான் பாக்கவேண்டிய இடம் வேறை.”

அந்த வேறு இடம் இறக்கையின் நடுப்பகுதியில், சக்கரம் மடங்கும் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போல்ட் இல்லை. தகட்டில் நூற்றுக்கணக்கான ஆணிகளைத் துளைத்து எடுத்தால்தான் உத்தரம் தெரியும். மூன்று கிழமை வேலை.

அவருடைய தங்கைக்கு ஒருமுறை மார்பில் கட்டி வந்தது. அக்கா ஒவ்வொரு நாளும் யூனியன்வில்லுக்குக் காரோட்டிப் போய், தங்கையை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கஞ்சி வைத்தார், பிள்ளைகளைப் பார்த்தார். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: “எனக்கு ஒண்டும் நடக்காதுதானே அக்கா?” அக்கா வாய் திறக்கவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாராம். தங்கை பிழைத்துவிட்டார். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். அக்காவோடு அளவாகத்தான் கதைப்பார்.

“அவ கேட்டது ஒரு சொல்லு. அதைக் குடுக்க எனக்கு ஏலாமப் போச்சு” என்றார் என்னிடம். அதில் பெருமையும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

இன்னொரு காத்திருப்பில், ஆரஞ்சு மணிக்கூடு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்க, நான் கேட்காமலே சொன்னார். அவர் திருகோணமலைக்காரர். சிறுவயதில் வீட்டுக்கு மேலாலேதான் சீனன்குடா வான்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் பறந்து பழகும். சத்தத்தை வைத்தே எது எழும்புகிறது, எது இறங்குகிறது என்று சொல்லுவாராம்.

“பேந்து நாங்கள் ஓடி யாழ்ப்பாணம் வந்தம், பெரியம்மா வீட்டை. ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டுது. சனம் பங்கருக்கு ஓடுது. நான் கிணத்தடியில நிண்டு சொன்னன், ‘ஓடாதேங்கோ, உது ட்ரெய்னிங் பிளேன், ஒண்டும் செய்யாது, எனக்குத் தெரியும்’ எண்டு. பதின்மூண்டு வயசு எனக்கு. பெரியம்மா நான் சொன்னதைக் கேட்டு நிண்டவ.”

மணி அடித்தது. அவர் எழுந்துபோய் சாயத்தைத் துடைக்கத் தொடங்கினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை. அந்த விமானங்களுக்கு அந்தக் காலத்தில் குண்டு கட்டி அனுப்பினார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா வீட்டு வளவில் கிணறு மட்டும்தான் மிஞ்சியது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் கடைசி ஞாயிறு. நான் பின் இருக்கையில். பல்வைத்தியர் ஒருவரின் விமானம் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளி மீனைப்போல நழுவிக்கொண்டிருந்தது. மச்சான் அதன் வாலைப் பிடிக்கப் பார்த்தார். ஒரு முறை நிமிர்த்தினார். கன்னங்கள் கீழே வழிந்தன, கைகள் மடியில் கல்லாகக் கிடந்தன. கீழே கிடந்த ஏரி தலைக்கு மேலே வந்து போனது. இத்தனை வயதில் முதல்முறையாக, ஓடவேண்டும் என்று நினைக்காத ஓரிடத்தில் நான் இருந்தேன்.

“இன்னும் ஒருக்கா மச்சான்! இறுக்கி!” என்று கத்தினேன்.

அதைக் கத்தியது நான்தான். அவர் இறுக்கினார். கண் ஓரங்கள் கறுத்தன. எங்கோ ஒரு இடத்தில் உலோகம் ‘டக்’ என்றது. அல்லது என் கழுத்தாக இருக்கலாம். விமானம் சமநிலைக்கு வந்தபோது காதுக்குள் மச்சானின் குரல்.

“ஊசி எங்க நிக்குது?”

பார்த்தேன். நகச்சாயக் கோட்டைக் கடந்து, வெகுதூரம் கடந்து நின்றது.

“அஞ்சரை.”

மச்சான் விமானத்தை ஓடுபாதைப் பக்கம் திருப்பினார்.

“குமிழை அமத்து.”

“அக்காவுக்குச் சொல்ல வேணுமெல்லோ?”

“புதன்கிழமை அவ வருடாந்தச் செக் செய்யிறா. சனிக்கிழமை என்ர பிள்ளையை ஏத்துறன் எண்டு சொல்லிப்போட்டன். ஞாயிறு அவள் வன்கூவர் போறாள் படிக்க. உதைச் சொன்னா அக்கா செட்டையைப் பிரிச்சு மூண்டு கிழமை வைச்சிருப்பா. அமத்து மச்சான். ட்ரெய்னர் இது, தாங்கும்.”

அமத்தினேன். ஊசி சத்தமில்லாமல் ஒன்றுக்கு இறங்கியது. தரை இறங்கியதும் மச்சான் கொப்பியில் ‘மூன்றரை’ என்று எழுதினார். அவருடைய கையெழுத்து எப்போதையும்விட வடிவாக இருந்தது.

புதன்கிழமை அக்கா எல்லாப் போல்ட்டையும் கழற்றினார். சாயம், ஆரஞ்சு, வெள்ளை. வெள்ளை வெள்ளையாகவே நின்றது. கண்ணாடியை எடுத்துவிட்டுத் தன் வசனத்தைச் சொன்னார். நான் மூச்சு விட்டேன். பிறகு அவர் கொப்பியைப் புரட்டினார். விரல் அந்த ஞாயிற்றில் வந்து நின்றது.

“ஞாயிறு நீதானே பின்னால இருந்தனி?”

“ஓம் அக்கா.”

“மூண்டரைதானோ? பல்டொக்டர் சொன்னான், நல்லா விளையாடினியளாம்.”

எத்தனையோ பொய்கள் இருந்தன. ‘ஓம், மூண்டரை’ என்றிருக்கலாம். அவர் நம்பாமல் விட்டிருப்பார். அந்த மாதிரி உறுதியான சொற்களை அவர் நம்புவதில்லை. நான் அவருடைய பெட்டிக்குள் கை விட்டு அவருடைய ஆயுதத்தையே எடுத்தேன்.

“நான் பாக்கேல்லை அக்கா.”

அவருடைய முகம் இளகியது. இந்த மண்டபங்களிலும் வீடுகளிலும் முதல்முறையாக ஒருவன் அவருடைய மொழியில் பேசிவிட்டான். என் தோளில் தட்டினார். பதிவேட்டை எடுத்து, கையைத் துடைத்து, விமானம் பறக்கலாம் என்று கையொப்பம் இட்டார்.

அந்த மூன்று நாளும் நான் நித்திரை கொண்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

சனிக்கிழமை காலை பத்து மணி. காற்றே இல்லை. சோளம் அசையாமல் நின்றது. மச்சானின் மகள் வந்து இறங்கினாள், பதினெட்டு வயது, தகப்பனின் பழைய தோல் கோட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தாள். தாய் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். மச்சான் இறக்கையைத் தடவிக்கொடுத்தார், குதிரையைத் தடவுவதுபோல.

அக்காவும் வந்திருந்தார். அது அவருடைய வழக்கம். தான் கையொப்பம் இட்ட விமானத்தின் முதல் பறப்புக்கு வந்து, ஓடுபாதை ஓரத்தில் நிற்பார். இறங்கும்வரை உட்காரமாட்டார். “நீங்களும் ஒருக்கா ஏறுங்கோவன் அக்கா” என்று மச்சான் கேட்டால், “நான் மேல போனா கீழ ஆர் பாக்கிறது?” என்பார்.

பின் இருக்கையில் அவளை இருத்தி, தோள்பட்டிகளை நான்தான் இறுக்கினேன். என் கைகளுக்கு முன்னால் அந்த முகப்பு. சிவப்புக் கோடு. ஊசி ஒன்றில், அப்பாவியாக. அவள் தலையை வெளியே நீட்டி அக்காவைப் பார்த்துக் கேட்டாள்:

“அன்ரி! நீங்கள் செக் பண்ணிட்டீங்கள்தானே? இட்ஸ் சேஃப், ரைட்?”

அக்கா இரண்டு அடி முன்னால் வந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் கோடுகள் விழுந்தன. தங்கையின் கட்டிலருகே இப்படித்தான் நின்றிருப்பார்.

“நான் பாத்த இடத்தில ஒண்டும் இல்லை, பிள்ளை.”

“ஓ மை கோட், அன்ரி, யூ ஆர் ஸோ ஃபனி” என்று அவள் சிரித்தாள்.

அவர் பார்க்காத இடம் எனக்குத் தெரியும். அந்தக் கொட்டகையில், அந்த வெயிலில், அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முன் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தார். மற்றவன் அவளுடைய பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

என் விரல்கள் பட்டியைக் கழற்றத் தொடங்கிவிட்டன. வாய் அதற்குப் பிறகுதான் திறந்தது.

“அஞ்சரை அக்கா. ஊசி அஞ்சரையில நிண்டது. நான் பாத்தனான். நான்தான் குமிழை அமத்தினனான்.”

மச்சான் முன் இருக்கையில் இருந்து திரும்பினார். “உனக்கு விசரோடா? இப்பவோ? இப்பவோ சொல்லுறாய்?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் நடந்தார். பதிவேட்டை எடுத்துவந்து, இறக்கையின்மேல் விரித்து, புதன்கிழமைக் கையொப்பத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே அன்றைய திகதியைப் போட்டார்.

“அக்கா, அவள் நாளைக்குப் போறாள்” என்றார் மச்சான். கூரையில் செருப்போடு நடக்கும் மனிதர் கெஞ்சினார். “ஒரேயொரு சுத்து. நேராப் போய் நேரா வாறன். திருப்பமாட்டன், ஒண்டும் செய்யமாட்டன். என்ர பிள்ளையை நான் விழுத்துவனோ?”

“நீ விழுத்தமாட்டாய்” என்றார் அக்கா. “இறக்கு பிள்ளையை.”

அவள் இறங்கினாள். அழவில்லை. தோல் கோட்டைக் கழற்றி மடித்து இருக்கையில் வைத்தாள். காருக்குள் ஏறும்வரை எங்கள் மூவரில் ஒருவரையும் பார்க்கவில்லை.

ஆணி துளைக்கும் சத்தம் மூன்று கிழமை கேட்டது. மச்சான் என்னோடு கதைக்கவில்லை. என் மனைவியோடும் கதைக்கவில்லை. அக்கா என்னை விளக்குப் பிடிக்கக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். விளக்கைக் கையில் எடுத்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தகடு திறந்த நாள் மச்சானும் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். கைத்தொலைபேசியில் வன்கூவரில் இருந்து மகள். அக்கா உத்தரத்தைத் துடைத்தார், சிவப்பைத் தடவினார், ஆரஞ்சைத் திருகினார்.

அந்த இருபது நிமிடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. மச்சான் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நின்றார். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமையை நான் அவரிடமிருந்து வீணாகப் பிடுங்கினேன் என்று ஆகும். நானோ, இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். உத்தரம் வெடித்திருக்கவேண்டும் என்று. அந்தப் பிள்ளை ஏறி இருந்த விமானத்தின் இறக்கையில் மரணம் ஒளிந்திருக்கவேண்டும் என்று. என் வாய் சரியான நேரத்தில் திறந்தது என்று ஆவதற்காக. இவ்வளவு அசிங்கமான பிரார்த்தனையை நான் அதற்கு முன்னோ பின்னோ செய்ததில்லை.

மணி அடித்தது. துடைத்தார். வெள்ளையை விசிறினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, யாரோ உள்ளிருந்து பென்சிலால் அமத்துவதுபோல, ஒரு ரோசாப் புள்ளி. புள்ளி நீண்டது. ஒரு நகத்தின் பிறை அளவுக்கு, சிவப்பு நூல்.

மச்சான் தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார். தொலைபேசியில் மகளின் குரல்: “அப்பா? அப்பா எங்க? வட் ஹப்பன்ட்?”

“அப்பா நிக்கிறார், பிள்ளை” என்றேன். அது உண்மை.

உள்ளே வந்தபோது மச்சான் என்னிடம் வந்து, என் தோளை இறுக்கிப் பிடித்தார். பிறகு அக்காவைக் கேட்டார், குழந்தைக் குரலில்: “அண்டைக்கு ஞாயிறு வந்ததோ அக்கா இது? நாங்கள் இழுத்ததிலயோ?”

“தெரியாது.”

“முந்தியே இருந்திருக்கும் என்ன? நாங்கள் வாங்கேக்கையே?”

“எப்ப வந்ததெண்டு சாயம் சொல்லாது. இருக்கிறதை மட்டும்தான் சொல்லும்.”

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தேத்தண்ணியை ஊற்றவில்லை. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த இறக்கையைப் பார்த்தார்.

“புதன்கிழமை நான் கையெழுத்து வைச்சனான்” என்றார். “கேட்டுப்போட்டு வைச்சன். பாத்துப்போட்டு வைக்கேல்லை.”

“பொய் சொன்னது நான் அக்கா.”

“ஓம். நம்பினது நான்.”

அந்த விமானம் பிறகு பறக்கவில்லை. அக்கா அந்த ஓடுபாதைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். முட்டைப் பெட்டிகளும் ஆரஞ்சு மணிக்கூடும் போய்விட்டன. அவருடைய வாளி மட்டும் கவிழ்ந்தபடி கிடந்தது. இப்போது தூரத்தில் வேறெங்கோ விமானம் பார்க்கிறார் என்று பல்வைத்தியர் சொன்னார். கொப்பிகளை வாங்குவதே இல்லையாம். யார் என்ன எழுதியிருந்தாலும் முழுவதையும் திறக்கிறாராம். விமானக்காரர்கள் திட்டுகிறார்களாம்.

போன மாசி மாதம், மார்க்கம் வீதித் தமிழ்க் கடையொன்றில், மரக்கறிப் பக்கம் அக்காவைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, காம்படியைப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். நான் நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்றேன்.

“அக்கா.”

திரும்பினார். கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

“பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?” என்று கேட்டார்.

“படிச்சு முடிச்சிட்டாள். அங்கயே வேலை.”

தலையசைத்தார். நான் கேட்க வந்ததை அங்கேயே, மண் ஒட்டிய மரவள்ளிக்கிழங்குகளுக்கு நடுவில் கேட்டேன்.

“என்னில கோவமோ அக்கா?”

வேறு யாராக இருந்தாலும், ‘சீச்சீ, அதெல்லாம் எப்பவோ போச்சு தம்பி’ என்றிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், யாருக்கும். அவர் கத்தரிக்காயைக் கீழே வைத்தார். அந்தப் பழைய யோசனை முகத்தில் ஏறியது. கடையில் ஆட்கள் எங்களைச் சுற்றி வண்டில் தள்ளிப் போனார்கள். யாரோ ஒரு பிள்ளை மிட்டாய்க்கு அழுதது. அவர் தேடிக்கொண்டிருந்தார், மெய்யாகவே, விளக்குப் பிடித்து, தனக்குள். நான் எங்கும் ஓடிப்போகாமல் நின்றேன்.

“பாத்த இடத்தில இல்லை, தம்பி” என்றார் கடைசியில்.

கத்தரிக்காயை எடுத்துப் பையில் போட்டார். இரண்டு அடி போனவர் திரும்பி, “இன்னும் கொஞ்ச இடம் திறக்கேல்லை” என்றார்.